பழஞ்சேலையும் புது விரிப்பும்

கிராமத்து வீடுகளில் நெல்லுக்குக் குதிர் இருந்ததுபோலப் பழந்துணிக்கும் ஓர் இடம் உண்டு. பரணிலோ, பெட்டியின் அடியிலோ, கதவின் பின்னே தொங்கும் மூட்டையிலோ, உடுத்தி நைந்த சேலைகளும், கரை கிழிந்த வேட்டிகளும், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகளும் சேர்ந்து கிடக்கும். அவற்றை வைத்திருக்க இடமில்லை. எறிந்துவிட மனமும் இல்லை. சில ஆண்டுகள் சென்றபின், பொங்கலுக்கு முன் வீட்டைத் தூய்மை செய்யும் நாளில், அம்மூட்டை தெருவுக்கு வருகிறது. அங்கிருந்து அது குப்பைமேட்டையோ வாய்க்காலையோ அடைகிறது. வாய்க்காலை அடைந்த சேலை மழைக்காலத்தில் மதகை அடைக்கிறது. நெகிழி இழை கலந்த துணியை எரித்தாலோ, நச்சுப் புகை எழுகிறது. எஞ்சியது கட்டியாக உருகி மண்ணில் கிடக்கிறது. இறுதியில் இது ஊராட்சியின் பொறுப்பாகவும் செலவாகவும் முடிகிறது.

அம்மூட்டையை அவிழ்த்து, விரிப்பாகவும் போர்வையாகவும் தைத்துக்கொள்ளும் வீட்டுக் கைவேலையைப் பற்றியது இக்கட்டுரை. இவ்வேலையால் விளையும் பயன்கள் மூன்று. முதலாவது, தைப்பவர் அடையும் மகிழ்ச்சி. இரண்டாவது, வீட்டுக்குக் கிடைக்கும் பொருள். மூன்றாவது, சிலருக்குச் சில சமயங்களில் கிடைக்கும் வருவாய். இவ்வரிசையை மாற்றி வருவாயை முதலில் வைத்தால், மூன்றுமே குறைந்துபோகும் என்பது எமது கருத்து. திட்டங்களை எண்ணிக்கையாலும் தொகையாலும் அளந்து பழகிய அலுவலர் ஒருவர் இவ்வாறு கூறுவது வியப்பாகத் தோன்றலாம். அதற்கான காரணங்களை இனிக் காண்போம்.

பழந்துணியின் படிகள்

நம் வீடுகளில் துணி ஒரே நாளில் பழசாவதில்லை, படிப்படியாகவே இறங்குகிறது. விசேஷத்திற்கு உடுத்திய சேலை சில ஆண்டுகளில் வீட்டுக்கு உடுத்தும் சேலையாகிறது. பின்னர் அது குழந்தைக்குத் தூளியாகிறது. தூளியிலும் நைந்தால் இரண்டு மூன்றாக மடித்துத் தைத்த விரிப்பாகிறது. அதன்பின் தலைச்சுமைக்குச் சும்மாடாகவும், அடுப்படியில் கரித்துணியாகவும் உழைக்கிறது. நைந்த வெள்ளை வேட்டி விளக்குத் திரியாக ஒளி தந்து முடிகிறது.

இப்படிகளைத் தெளிவாக எடுத்துரைக்கும் மிகப் பழைய செய்தி ஒன்று பௌத்தத் துறவிகளின் விநய நூலில் உள்ளது. கோசாம்பி நகரில் உதயணனின் அரண்மனைப் பெண்டிர் ஆனந்தர் என்னும் துறவிக்கு 500 ஆடைகளைக் காணிக்கையாக வழங்கினர். அரசன் ஐயுற்று, இத்தனை ஆடைகளை ஒரு துறவி என்ன செய்வார் என்று அவரையே வினவினான். ஆடை கிழிந்த துறவியர்க்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். கிழிந்த பழைய ஆடைகள் என்னவாகும்? அவை மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்புகள் மெத்தையுறையாகும். பழைய உறைகள் தரைவிரிப்பாகும். பின் கால் துடைக்கும் துணியாகும். பின் தூசி தட்டும் துணியாகும். இறுதியில் அவற்றைத் துண்டு துண்டாக்கிக் களிமண்ணோடு குழைத்துத் தரைக்குப் பூசுவோம் என்றார். எதுவும் வீணாவதில்லை என்று கண்டு அரசன் மகிழ்ந்து, மேலும் 500 ஆடைகளை வழங்கினான் என்பது வரலாறு.

அத்துறவியர் எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கித் துவைத்து, ஒட்டித் தைத்து உடுத்தனர். அவ்வாறு ஒட்டித் தைப்பதற்கு ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. மகத நாட்டின் நெல்வயல்களைப் புத்தர் காட்டி, வரப்பும் பாத்தியுமாக அமைந்த இவ்வழகைப் போல ஆடையைத் தைக்க இயலுமா என்று ஆனந்தரைக் கேட்டதாகவும், ஆனந்தர் அவ்வாறே செய்ததாகவும் அந்நூல் கூறுகிறது. இன்றும் பௌத்தத் துறவியரின் ஆடையில் வயல்வரப்புப் போன்ற அக்கோடுகளைக் காணலாம். உழவர் கண்ணுக்கு இது புதிதன்று. பெரிய பாத்தி, சிறிய பாத்தி, இடையே வரப்பு எனப் பிரிப்பதும், துண்டுத் துணிகளை இணைப்பதும் ஒரே கணக்கே ஆகும்.

இச்செய்தி காஞ்சிக்கும் அயலானதன்று. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட திராவிட நாட்டில் நூறு விகாரங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்ததாகக் குறித்துள்ளார். பட்டுக்குப் பெயர்போன இவ்வூரின் தெருக்களில், ஒட்டித் தைத்த துவராடை உடுத்தியோர் ஒரு காலத்தில் திரளாக நடந்துள்ளனர்.

பிற நாட்டுப் பெண்டிரும் நம் நாட்டுப் பெண்டிரும்

"கந்தை" என்ற நம் சொல்லும், வங்காளத்துப் பெண்டிர் தைக்கும் "காந்தா" என்ற விரிப்பின் பெயரும் ஒரு வேரினவே. அவர்கள் நைந்த சேலைகளை அடுக்கி, சேலையின் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்து, அந்நூலாலேயே பூவும் மீனும் யானையும் தைப்பர். பீகாரில் இத்தகைய விரிப்பு சுஜனி எனப்படும். பிறந்த குழந்தையைக் கிடத்துவதற்கென்றே அது தைக்கப்பெற்றது. கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தி மக்கள் வாழ்கின்றனர். அப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அவர்கள் ஒரு மூலையில் தொடங்கி, விளிம்பை ஒட்டிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து, நடுவில் முடிப்பர். நான்கு மூலைகளிலும் துணியை மடித்துச் சிறு பூ வைப்பர். பூ வைக்காத போர்வையை நிறைவுற்றதாகக் கருதுவதில்லை.

தமிழ்நாட்டில் இக்கலை வீட்டைவிடக் கோயிலில்தான் மிகுதியாக வளர்ந்தது. தேர்த் திருவிழாவில் அசைந்தாடும் தேர்ச்சீலைகளும் தொம்பைகளும், வண்ணத் துணிகளை உருவங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தவையே. ஆண்டுதோறும் தேரை வணங்கும் நாம், அத்தையலின் நுணுக்கத்தையும் அண்ணாந்து பார்த்து வந்திருக்கிறோம். அதை வீட்டுக்குக் கொண்டுவருவதே இனிச் செய்ய வேண்டியது.

நம் மூட்டையில் இருப்பவை

ஏனாத்தூர் போன்ற காஞ்சியை அடுத்த ஊர்களில் மூட்டையை அவிழ்த்தால் மூன்று வகைத் துணிகள் கிடைக்கும்: பருத்தி, பட்டு, செயற்கை இழை. இவற்றை இனம் பிரித்தறிவதே முதற்பாடம்.

ஐயமுள்ள துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுக. பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டு தலைமயிர் தீய்ந்த நாற்றத்துடன் கருகும். கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழை உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாகும். விரிப்புக்குப் பருத்தியே தலைசிறந்தது. அது வியர்வையை உறிஞ்சும். நைந்த பருத்தி புதியதைவிட மென்மையாகவும் இருக்கும். செயற்கை இழைத் துணி வெப்பமான நம் நாட்டில் படுக்கைக்கு ஏற்றதன்று; அதைக் கைப்பை, மிதியடி, சாக்குப்பைக்கு உறை முதலியவற்றுக்கு ஒதுக்குக.

பழம்பட்டுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். பார்வைக்குப் பளபளப்பாக இருப்பினும், ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அம்மடிப்பில் இற்றுப்போயிருக்கும். ஊசி நுழைந்ததும் கீறும். ஆகவே பட்டைத் தனியே தைக்காமல், அதன் அடியில் பருத்தித் துணி வைத்து, மேலே அலங்காரத் துண்டாக மட்டும் பயன்படுத்துக. சரிகைக் கரையை வெட்டுமுன் அதன் ஓர் இழையை உரசிப் பார்க்க வேண்டும். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால், அது வெள்ளிக் கம்பியைச் சுற்றி முலாம் பூசிய நல்ல சரிகையாக இருக்கக்கூடும். அதை வாசலில் வந்து பழம்பட்டு கேட்பவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாமல், அறிந்தவரிடம் காட்டி மதிப்பிட்டுக்கொள்க. எவ்வாறாயினும் சரிகை உடம்பை உறுத்துமாதலின் படுக்கை விரிப்புக்கு ஆகாது.

தைக்கும் முறை

ஒரு சேலை ஏறத்தாழ 5½ மீட்டர் நீளமும், ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. அதை நீளவாக்கில் மூன்றாகப் பகுத்தால், ஒவ்வொரு பகுதியும் 1.8 மீட்டர் அளவு வரும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒருவர் படுப்பதற்கான மூன்றடுக்கு விரிப்புக்கு ஒரு சேலையே போதும் என்பது விளங்கும். இதுவே தொடங்குவோர்க்கு ஏற்ற அளவு. ஊசி, தடித்த பருத்தி நூல், கத்தரிக்கோல், துணிக்குக் குறியிடும் சுண்ணக்கட்டி, விரலில் மாட்டும் தையற்பூண் ஆகியவை போதும். தையல் இயந்திரம் தேவையில்லை.

1. துவைத்தல்: எல்லாத் துணிகளையும் சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து, முழுநாள் வெயிலில் உலர்த்துக. பிற வீடுகளிலிருந்து பெற்றவற்றைக் கொதிநீரில் இட்டு எடுப்பது நலம். சாயம் போகும் துணி இப்போதே தன்னைக் காட்டிக்கொள்ளும். சுருங்கவேண்டியதும் தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும்.

2. வலுப் பார்த்தல்: துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நைந்த இடங்கள் தெரியும். இரு கட்டைவிரல்களால் இழுத்துப் பார்த்துக் கீறுவதை நடு அடுக்குக்கு ஒதுக்குக. சேலையில் இடுப்பிலும் காலடியிலும் உராயும் பகுதியே முதலில் நையும். முந்தி பெரும்பாலும் வலுவாக இருக்கும். ஆதலின் முந்தி மேலடுக்குக்கு உகந்தது.

3. பகுத்தல்: சாதாரண நெசவுப் பருத்தியைக் கத்தரியால் முழுவதும் வெட்ட வேண்டியதில்லை. ஓரத்தில் சிறு வெட்டிட்டுக் கையால் கிழித்தால், நூலின் நேரே தானாகவே கிழியும். பாவு, ஊடை என்னும் திசைகளை நெசவாளர் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஒட்டும் துண்டுகள் யாவும் அத்திசைகளுக்கு நேராக இருக்க வேண்டும். குறுக்குச் சாய்வாக வெட்டிய துணி இழுபட்டு நெளியும்.

4. அடுக்குதல்: கழுவி உலர்ந்த தரையில் அடியடுக்கை விரித்து, நான்கு மூலைகளிலும் துணி சுற்றிய செங்கல் வைக்க. நைந்த துணியை நடுவிலும், வலுவான துணியை மேலும் கீழும் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கையால் நீவி விடுக.

5. கச்சாத் தையல்: நடுவில் தொடங்கி ஓரம்வரை, சாண் இடைவெளியில் நீண்ட தையல்களாக இட்டு அடுக்குகளை அசையாமல் நிறுத்துக. இதைச் சோம்பலால் விட்டவர் விரிப்பு சுருங்கிக் கோணிப்போகும். வேலை முடிந்தபின் இந்நூலை உருவிவிடலாம்.

6. ஓட்டுத் தையல்: ஊசியை மேலும் கீழும் ஓட்டிச் செல்லும் எளிய தையலே இவ்வேலையின் உயிர். ஒவ்வொரு தையலும் நெல்மணி அளவிலும், வரிசைக்கு வரிசை இரண்டு விரல் இடைவெளியிலும் இருந்தால் போதும். நூலை இறுக்கி இழுக்கக் கூடாது. வரிசைகள் நெருங்க நெருங்க விரிப்பு வலுப்பெறும்.

7. விளிம்பு கட்டுதல்: சேலையின் கரையை நீளமாகக் கிழித்து, இரண்டாக மடித்து, நான்கு ஓரங்களையும் உள்ளடக்கித் தைக்க. கரையின் நிறம் விரிப்புக்கு வரப்புப் போல அமையும்.

இதில் தேறியவர்கள் மேலடுக்கைப் பல துண்டுகளால் அமைக்கலாம். தையற்காரர் கடையில் கிடைக்கும் வெட்டுத் துண்டுகளையும், பிள்ளைகளின் பழஞ்சட்டைகளையும் சதுரமாகவும் பட்டையாகவும் நறுக்கி, ஓரத்தை மடித்து, அடியடுக்கின்மேல் பதித்துத் தைப்பதே சித்திப் பெண்களின் முறை. குழந்தைக்கென்று தைக்கும்போது பொத்தான், மணி, சரிகை எதுவும் கூடாது. பச்சிளங்குழந்தையின் அடியில் விரிக்கவே அதைப் பயன்படுத்த வேண்டும்; முகத்தை மூடும்படி மேலே போர்த்தக் கூடாது.

இவ்வேலையின் இன்பம்

இதில் என்ன இன்பம் இருக்கிறது என்று கேட்கலாம். குடும்பத் தலைவியின் ஒரு நாளை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். சமைத்தது உண்ணப்பட்டு மறைகிறது. கூட்டிய வாசலில் மறுநாள் சருகு விழுகிறது. களையெடுத்த வயலில் மீண்டும் களை முளைக்கிறது. இவை யாவும் இன்றியமையாத வேலைகளே. ஆயினும் செய்து முடித்ததைக் கண்ணால் கண்டு நிற்கும் வாய்ப்பு இவற்றில் குறைவு. தைத்த வரிசையோ தைத்தபடி நிற்கும். இன்று பத்து வரிசை, நாளை பத்து வரிசை என வளர்வதைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, எந்தத் துண்டின் அருகே எந்தத் துண்டை வைப்பது என்பதைத் தைப்பவரே தீர்மானிக்கிறார். மாம்பழ மஞ்சளின் பக்கத்தில் கிளிப்பச்சையா, அரக்கா? வைத்துப் பார்த்து, மாற்றிப் பார்த்து, தள்ளி நின்று நோக்கி முடிவு செய்யலாம். பிறர் கருத்தைக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். தம் விருப்பப்படி முடிவு செய்யும் இடம் நாளில் ஒன்றேனும் இருப்பது எந்த மனிதருக்கும் பெரிய ஊக்கமாகும்.

மூன்றாவது, நினைவு. திருமணமான ஆண்டில் எடுத்த சேலை, மகன் முதன்முதல் பள்ளிக்குப் போட்டுச்சென்ற சட்டை, மறைந்த மாமனாரின் வேட்டி ஆகியவை ஒரே விரிப்பில் அருகருகே வந்து அமர்கின்றன. மூட்டையில் கிடந்தவரை அவை வெறும் கந்தல். விரிப்பில் அமர்ந்தபின், இது யாருடையது என்று பேரப்பிள்ளை விரல் வைத்துக் கேட்கும். அதற்கு விடை சொல்லும்போது குடும்ப வரலாறு தானே வெளிவரும்.

நான்காவது, கூடித் தைத்தல். கைக்கு வேலை இருக்க, காதும் வாயும் விடுதலையாக இருப்பது இதன் சிறப்பு. ஒரு பெரிய விரிப்பைச் சுற்றி நால்வர் அமர்ந்து நான்கு பக்கமும் தைக்கலாம். கண் மங்கிய மூதாட்டிக்குப் பேத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறாள். மூதாட்டி தையல் வரிசை கோணுவதை விரலால் தடவியே கண்டு சொல்கிறாள். ஆண்களும் இதிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. தறியில் அமர்பவரும் தையற்கடை நடத்துபவரும் பெரும்பாலும் ஆடவரே ஆதலின், நூலும் ஊசியும் ஆண்மைக்கு இழுக்கு என்று காஞ்சி வட்டாரத்தில் யாரும் கூறமாட்டார்.

வருவாயைப் பற்றி

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு, கிராமங்களில் பெண்களுக்குத் தையல் கற்பித்தல் ஒரு பணியாக இருந்து வந்துள்ளது. அக்காலத்தில் மாதர் சங்கங்கள். இக்காலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள். குழுக் கூட்டத்தில் முதலில் எழும் வினா, இதை எங்கே விற்பது என்பதே. வினா நியாயமானது. எனினும் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். கையால் தைத்த விரிப்புக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்புக்குக் கூலி போட்டால், ஆலைப் போர்வையின் விலையோடு அது போட்டியிட இயலாது. விற்கலாம் என்று நம்பித் தொடங்கியவர்கள், விற்காத மூட்டையோடு மனம் தளர்ந்து ஊசியைக் கீழே வைத்துவிடுவர்.

இதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. அங்கே கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், அடிமைகளாய் இருந்தோரின் வழிவந்த ஏழைக் கறுப்பினப் பெண்கள், குளிர் காக்க வயல்வேலைக்கு உடுத்திய பழந்துணிகளால் போர்வை தைத்து வந்தனர். அவ்வட்டாரப் பெண்கள் 1966-ஆம் ஆண்டு கூட்டுறவு ஒன்றை அமைத்து, நகரத்துப் பெருங்கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தனர். வருவாய் வந்தது, குடும்பங்கள் பயனடைந்தன. ஆனால் கடைகள் ஒரே அளவும் ஒரே அமைப்பும் கேட்டன. தம் விருப்பப்படி துண்டுகளை அமைக்கும் உரிமை அவ்வேலையில் இல்லை. பின்னர் 2002-ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கிலும் காட்சிக்கு வைக்கப்பெற்று உலகம் வியந்தவை, அப்பெண்கள் தம் வீட்டுக்காகத் தம் மனப்போக்கில் தைத்த போர்வைகளே.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்களிடையே ஊசிவேலை ஏறக்குறைய மறைந்திருந்தது. அதை அறிந்திருந்த மூத்த பெண்கள் சிலரிடம் இளையோர் கற்று, 2006-ஆம் ஆண்டளவில் மீட்டெடுத்தனர். அவர்கள் தம் அமைப்புக்கு இட்ட பெயர் "போர்கை". அம்மக்கள் மொழியில் பெருமிதம் என்று பொருள். இன்று அவர்கள் வேலை விலைபோகிறது. முதலில் மீண்டது பெருமிதமே. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபின், ஆரோவில்லில் உள்ள உபாசனா நிலையத்தார், துயருற்ற மீனவக் கிராமப் பெண்களுக்குத் தையல் வெட்டுத் துண்டுகளால் "சுனாமிகா" என்னும் விரலளவுப் பொம்மை செய்யக் கற்பித்தனர். அப்பொம்மைகளுக்கு விலை வைக்கவில்லை. அவை அன்பளிப்பாகவே பல நாடுகளுக்குச் சென்றன. நன்கொடைகளால் வேலை நடந்தது. கைகளுக்கு வேலை கிடைத்ததும் மனத்துயர் சற்றே ஆறிற்று.

ஊராட்சி செய்யத்தக்கவை

ஊராட்சி மன்றங்கள் இதற்கென்று பெருந்தொகை ஒதுக்க வேண்டியதில்லை. வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு கூடத்தை வாரத்தில் ஒரு பிற்பகல் திறந்து வைத்தால் போதும். நல்ல துணி குப்பையோடு கலந்து நனைவதற்கு முன்பே அதைத் தனியே பெறுமாறு தூய்மைக் காவலர்களுக்குக் கூறி, மாதம் ஒரு நாளைத் துணி சேர்க்கும் நாளாகக் கிராம சபையில் அறிவிக்கலாம். ஏனாத்தூரைப்போலப் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் அமைந்த ஊர்களில், ஆண்டிறுதியில் விடுதி மாணவர்கள் கழித்துவிடும் படுக்கை விரிப்புகளைக் கேட்டுப் பெறலாம். தையற்கடைகளின் வெட்டுத் துண்டுகளையும் அவ்வாறே பெறலாம். முதலில் தைக்கும் விரிப்புகள் ஊர் அங்கன்வாடிக் குழந்தைகள் படுப்பதற்கு அமையுமாயின், தைத்தவர் தம் வேலையின் பயனை ஊரிலேயே காண்பர்.

ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்கிறோம். இத்தனை பேர், இத்தனை விரிப்பு, இத்தனை ரூபாய் என்று இலக்கு விதித்துத் தொடங்க வேண்டா. ஓராண்டு தைத்துப் பழகட்டும். கை தேர்ந்தவர் யார், விற்க விரும்புபவர் யார் என்பது தானே தெரியவரும். அவர்களுக்குக் கடனும் சந்தையும் காட்டுவது பின்னர் எளிது. ஏனையோர் தம் வீட்டுக்காகத் தைத்து மகிழட்டும். அதுவும் கிராம வளர்ச்சியே.

மார்கழிப் பனிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மழைக்காலப் பிற்பகல்களில் வயல்வேலை ஓயும்போது ஒரு சேலையை மூன்றாகப் பகுத்துத் தொடங்கினால், பனி இறங்கும் முன் ஒரு விரிப்பு முடிந்துவிடும். இம்மாதக் கூட்டம் கலையும்முன், எந்தக் கூடம், எந்தக் கிழமை என்ற இரண்டையும் மட்டும் முடிவு செய்யுமாறு ஊராட்சி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.